கிழிந்த குடைக்கு வைத்த பொட்டு

சான் ரமோனில் எங்கள் தெருவிலேயே ஒரு தமிழ்க் குடும்பம். அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பிறந்தநாள் என்று எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆண்கள் வெளியே கிரில்லைச் சுற்றி நின்று ஸ்டாக் விழுந்த கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பிள்ளைகள் டிவிடி போட்டுப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கேசரித் தட்டோடு அந்தப் பக்கம் போனபோது படம் முடிந்துவிட்டது. டிவிடியில் கூடவே வரும் பேட்டி ஓடிக்கொண்டிருந்தது. படத்தின் டைரக்டர் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, சுவர் அளவுக்குப் பெரிதாக்கிய ஒரு சிவப்புப் பொட்டின் முன்னால் நின்றார். ஜப்பானில் ஒரு மலைக் கோயிலில் வயதான துறவி ஒருவர் பழைய குடையின் நெற்றியில் இந்தச் சிவப்புக் குறியை வைத்ததைத் தன் கண்ணால் பார்த்தாராம். அந்த நிமிஷமே முழுக் கதையும் மனசில் உதித்துவிட்டதாம். சொல்லும்போது குரல் வேறு தழுதழுத்தது.

பச்சைப் பொய் என்று கத்திவிட்டேன். பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. பிறந்தநாள்காரி என் கையிலிருந்த தட்டை மெதுவாக வாங்கிக்கொண்டு, "ஆன்ட்டி, ஆர் யூ ஓகே?" என்றாள். அந்தக் குறி ஜப்பானும் இல்லை, துறவியும் இல்லை, அது என் வலது கை மோதிர விரலால் வைத்தது என்று அவளிடம் சொன்னேன். பாவம், அந்தக் குழந்தைக்கு என்ன புரியும்? என் வீட்டுக்காரர் வாசலிலிருந்தே என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கார் சாவியைத் தேட ஆரம்பித்தார். நாலு வீடு தள்ளித்தான் எங்கள் வீடு. நடந்தே வந்திருந்தோம்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் என்று என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். நிற்கும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்தக் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நான் சிவகாசிக்காரி. அப்பா சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருந்தார். நான் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கல்யாணமாகி, ஒரு கன்ட்ராக்ட் கம்பெனி மூலமாகத் தொண்ணூறுகளின் நடுவில் பே ஏரியாவுக்கு வந்து சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் மாதிரியே பேங்க் சாஃப்ட்வேர் எழுதி நிம்மதியாக இருந்திருக்கலாம். என்னை அனுப்பிய இடமோ ஓர் அனிமேஷன் ஸ்டூடியோ. ஓக்லண்டில் ரயில் பாதையை ஒட்டி, ஒரு காலத்தில் பழங்களை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்த பழைய ஃபாக்டரிக் கட்டடத்தில் இருந்தது. ஓவியர்கள் பென்சிலால் வரைந்ததை ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டரில் வண்ணமும் நிழலும் ஏற்ற வேண்டும். அதற்கான ப்ரோக்ராம் எழுதுவது என் வேலை.

ஸ்கேனருக்குப் பக்கத்து மேஜையில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஜப்பான்காரி. என் வயதுதான் இருக்கும். பின்னணிக் காட்சிகள் வரைய எடுத்திருந்தார்கள். அவளும் என்னைப் போல விசாவில் வந்தவள். மத்தியானம் நான் தயிர் சாதமும் ஊறுகாயும் எடுத்துப் பிரித்தால், அவள் வெறும் சோறும் உப்பில் ஊறிய ஒரு சிவப்புப் பழமும் எடுத்துப் பிரிப்பாள். அதுவும் ஊறுகாய்தான். அதை வைத்தே சிநேகிதமாகிவிட்டோம். எங்கள் இரண்டு பேர் ஆங்கிலமும் நொண்டும். ஆனால் எங்களுக்குள் ஒன்றும் புரியாமல் போனதில்லை. அதனால் அவள் பேசியதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

அப்போது டைரக்டரிடம் கதை என்று ஒன்றும் கிடையாது. ஜப்பான் மாதிரி ஏதாவது பண்ண வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது. ஒரு காடு, ஒரு வாள், புகை விடும் ஒரு டிராகன், இவற்றை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மீட்டிங் போட்டுக்கொண்டிருந்தார். அவள் சாப்பிட்டுக்கொண்டே காகிதத்தில் ஒரு கிழிந்த குடையை வரைந்தாள். அதற்கு ஒரே கண், ஒரே கால். இது யார் என்று கேட்டேன். கேட்டதுதான் தாமதம், கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

அவர்கள் ஊரில் ஒரு பழைய நம்பிக்கையாம். வீட்டில் புழங்குகிற சாமான் நூறு வயதைத் தொட்டால் அதற்கு உயிர் வந்துவிடும். அந்தப் பயத்தில் ஜனங்கள் வருஷக் கடைசியில் வீட்டை ஒழித்துத் துடைக்கும்போது, நூறாவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பழசைத் தூக்கித் தெருவில் போட்டுவிடுவார்கள். சாமான்களுக்கு ரோஷம் வரும். இத்தனை காலம் மழையில் நனைந்தோமே, மிதிபட்டோமே, ஒரு வார்த்தை சொல்லாமல் வீசிவிட்டார்களே என்று பொருமும். குடை, வைக்கோல் செருப்பு, ஓட்டை லாந்தர், கம்பி அறுந்த வாத்தியம் எல்லாம் சேர்ந்து, வீசியவர்களைத் தேடிக்கொண்டு ஊர்வலமாகக் கிளம்பும். எனக்கு அந்தச் சாமான்களை அப்போதே பிடித்துப்போயிற்று. எல்லாம் என் கட்சி.

அவள் கதையில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். அந்தக் குடை அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்கும், என்னை ஏன் தூக்கிப் போட்டாய் என்று. என் சிநேகிதி ஒவ்வொரு காட்சியாக வரைந்து சுவரில் குத்தினாள். அந்தப் பக்கமாகக் காபியோடு போன டைரக்டர் நின்றார், அப்படியே நின்றுகொண்டே இருந்தார். அடுத்த வாரம் டிராகனைக் காணோம். எல்லாரையும் உட்கார வைத்து, இனிமேல் இதுதான் நம் படம், கதை என்கிற இடத்தில் இவள் பெயர் தனியாக வரும் என்றார். எல்லாரும் கை தட்டினோம். நானும்தான் தட்டினேன்.

அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பெயர் வருவது அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்டேன். அவள் அம்மா தையல்காரி. இவள் ஜப்பானில் வேலை பார்த்த ஒவ்வொரு படத்துக்கும் அம்மா டிக்கெட் எடுத்துப் போவாராம். படம் முடிந்து எல்லாரும் எழுந்து போன பிறகும் உட்கார்ந்து, ஓடுகிற எழுத்துக்களில் மகள் பெயரைத் தேடுவாராம். பொடி எழுத்து, கும்பலோடு கும்பலாக மேலே ஓடிவிடும். இருந்ததா இல்லையா என்று சண்டையே வரும்.

"ஒரே ஒரு தடவை என் பேர் தனியா நிக்கணும். எங்கம்மா கண்ணாடி இல்லாமப் படிக்கற அளவுக்கு நின்னாப் போதும். வேற எதுவும் வேண்டாம்" என்றாள்.

இப்போது பொட்டுக்கு வருகிறேன். தொண்ணூற்றேழில் ஆயுத பூஜை வேலை நாளில் வந்தது. எங்கள் அச்சகத்தில் அன்றைக்கு எல்லா மிஷினையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, மறுநாள் காலை வரை ஒன்றையும் தொடமாட்டார்கள். இங்கே என் ஸ்கேனர் ராத்திரி பகலாக உழைத்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு பொட்டுகூட இல்லையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆபீஸ்லயும் ஆரம்பிச்சுட்டியா என்று என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணினார். நான் விடவில்லை. ஃப்ரீமாண்டில் நம்மூர்ச் சாமான் விற்கிற கடையில் பொரி வாங்கி, சந்தனப் பொடியைக் குழைத்து எடுத்துக்கொண்டு போய், ஸ்கேனர், மானிட்டர், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் வைத்தேன். சாம்பல் பூசணி கிடைக்கவில்லை. ஹாலோவீனுக்கு விற்கிற மஞ்சள் பூசணியை வாங்கி, உள்ளே குங்குமம் போட்டுப் பார்க்கிங்கில் உடைத்தேன். செக்யூரிட்டி ஆள் ஓடி வந்து, ஹாலோவீனுக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்றார்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. வருஷத்தில் ஒரு நாள், நமக்கு உழைக்கிற சாமானைக் கும்பிட்டு அதற்கு லீவு கொடுக்கிறோம் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அம்மாவும் வருஷத்தில் ஒரு நாள் தைப்பதில்லையாம். அந்த வருஷம் முழுக்க ஒடிந்த ஊசிகளைச் சேர்த்து வைத்து, கோயிலுக்கு எடுத்துப் போய், சோயா பாலில் செய்த பனீர் மாதிரிக் கட்டி ஒன்று இருக்கிறதே, டோஃபு, அதில் குத்தி வைப்பார்களாம். இத்தனை நாள் முரட்டுத் துணியில் ஏறி இறங்கின ஊசிகள் கடைசியிலாவது மெத்தென்று இருக்கட்டும் என்று. அவள் தன் மேஜைமேல் இருந்த குடைப் படத்தை என்னிடம் நீட்டினாள். இதற்கும் வை என்றாள். ஒற்றைக் கண்ணுக்கு மேலே, மோதிர விரலால் சந்தனம் தொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன்.

அவள் கைப்பையிலிருந்து விரல் பருமனில் ஒரு சின்ன முத்திரைக் கட்டையை எடுத்தாள். அவர்கள் ஊரில் கையெழுத்துக்குப் பதில் அதைத்தான் குத்துவார்களாம். சிவப்பு மையில் தொட்டுப் படத்தின் மூலையில் அழுத்தினாள். பொட்டு அளவு வட்டம், அதற்குள் அவர்கள் எழுத்தில் அவள் பெயர்.

"உன் சிவப்பை நீ வச்சே. என் சிவப்பை நான் வைக்கறேன்" என்றாள்.

மறுநாள் விஜயதசமி. முதல் வேலை நல்ல வேலையாக இருக்கட்டும் என்று, பொட்டோடும் முத்திரையோடும் அந்தக் குடையைத்தான் ஸ்கேன் பண்ணினேன். துடைத்துவிட்டுப் பண்ண வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பூஜையில் வைத்த பொட்டை எந்தத் தமிழச்சி துடைப்பாள்? ஸ்க்ரீனில் அது வந்தபோது டைரக்டர் என் பின்னால் நின்றிருந்தார். நெற்றியில் என்ன அது என்று அவளைக் கேட்டார். சாமானுக்குச் செய்கிற பிரார்த்தனை என்று சொல்லி அவள் என்னைக் கை காட்டினாள். அதற்குள் அந்த ஆள் 'ப்யூட்டிஃபுல், ப்யூட்டிஃபுல்' என்று கையை வீசிக்கொண்டு போயாயிற்று.

கதையே மாறியது. கோபமாக வருகிற ஒவ்வொரு சாமானுக்கும் அந்தப் பெண் பொட்டு வைப்பாள், உடனே அதன் கோபம் அடங்கிவிடும் என்றார்கள். என் சிநேகிதிக்கு அதில் இஷ்டமில்லை. கோபப்பட்டவனுக்குப் பதில் சொல்லாமல் பொட்டு வைத்து அனுப்புவதா என்று எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. யார் கேட்டார்கள்? என் விரல் ரேகை பதிந்த அந்தப் பொட்டைப் பெரிதாக ஸ்கேன் பண்ணி, படத்தில் வரும் அத்தனை சாமான் நெற்றியிலும் ஒட்டுகிற ப்ரோக்ராமை நான்தான் எழுதினேன். டைரக்டர் தினம் ஒரு தடவை பொட்டோடு காட்டு, பொட்டில்லாமல் காட்டு என்று படுத்தினார். அதற்காக உள்ளே ஒரு ஸ்விட்சும் வைத்தேன். ஒரு வரியை மாற்றினால் படம் முழுக்கப் பொட்டு வரும், போகும்.

இது எங்கள் வழக்கம், ஜப்பானில் இப்படிக் கிடையாது என்று தயாரிப்பைக் கவனித்துக்கொண்ட அம்மாளிடம் நேரிலேயே போய்ச் சொன்னேன். பார்க்கிறவர்களுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகிறது என்றாள். எனக்குச் சுரீரென்றது. திரும்பி வந்து இவளிடம் பொரிந்து தள்ளினேன். இவள் அமைதியாக, இரண்டு வீட்டு வழக்கமும் ஒரு குடையில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், நமக்குத் தெரியுமே என்றாள்.

படம் ஏறக்குறைய முடிந்த சமயம், ஜப்பானில் அதை வெளியிடப் போகிறவர்கள் பார்க்க வந்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்தது ஒரு வயதான அம்மாள். அந்தக் குழுவுக்கு அவர்தான் பெரியவர். நான் கடைசி வரிசையில் படத்தை ஓட்டுகிற கம்ப்யூட்டரில் இருந்தேன். விளக்குப் போட்டதும் அந்த அம்மாள் ரொம்பப் பணிவாகக் கேட்டார். சாமான்கள் எல்லாம் எங்கள் ஊர்ச் சாமான்கள். நெற்றியில் இருக்கிற இந்தச் சிவப்பு மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை. இது எங்கிருந்து வந்தது?

அதற்கு முந்தின வாரம்தான் ஒரு பத்திரிகைக்காரரிடம் மலைக் கோயில் துறவிக் கதையை முதல் தடவையாக அவிழ்த்து விட்டிருந்தார் டைரக்டர். இப்போது உண்மையான ஜப்பான்காரர்கள் எதிரில் உட்கார்ந்து கேட்டதும், துறவி எங்கே போனாரோ தெரியவில்லை. கூசாமல் கையை நீட்டி இவளைக் காட்டினார். எங்கள் ஜப்பான் நிபுணர் இவர்தான், இவர் சொன்னதைத்தான் நாங்கள் செய்தோம் என்றார். அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து, இடுப்பு வரை வளைந்து தலை குனிந்தாள்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"அந்தப் பொட்டு என்னுது. எங்க ஊர்ல ஆயுதங்களுக்கு வைக்கறது. அவ என்னைக் கை காட்டினா, இவர் நின்னு கேக்கலை. அவளுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை" என்றேன்.

டைரக்டர் பல்லைக் காட்டிச் சிரித்தார். எங்கள் டெக்னிகல் ஆட்களுக்கு இந்தப் படத்தின்மேல் அவ்வளவு பாசம் என்று அவர்களிடம் சொன்னார். தயாரிப்பு அம்மாள் வந்து என் முழங்கையைப் பிடித்து, வெளியே காற்றாட நிற்கலாம் வா என்று கூட்டிக்கொண்டு போனாள். சிநேகிதிக்காகப் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ, வந்தவர்கள் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் குறியை எடுத்துவிட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். டைரக்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அதுதான் படத்தின் ஆத்மா, எடுக்க மாட்டேன் என்றாராம்.

பார்க்கிங்கில் அவளைப் பிடித்தேன். எனக்கு அவள்மேலும் கோபம்.

"ஏன் தலை குனிஞ்சே? தப்புப் பண்ணினது நீயா?" என்று கத்தினேன்.

"அவங்க எங்கம்மா வயசு. அவங்க முன்னாடி, நான் வேலை பாக்கற இடத்துப் பெரியவர் பொய் சொல்றார்னு என் வாயால எப்படிச் சொல்றது? படத்தை வரைஞ்சது நான். அப்ப பொறுப்பும் என்னுதுதான்."

நீயெல்லாம் உருப்படவே மாட்டாய் என்று அவளைத் திட்டிவிட்டுக் காரில் ஏறினேன். ஃப்ரீவே முழுக்க அழுதுகொண்டே ஓட்டினேன்.

அடுத்து நடந்ததை உங்களாலேயே ஊகிக்க முடியும். சொந்த ஊர் விஷயமே சரியாகத் தெரியாதவர் என்று பேச்சு கிளம்பியது. எங்கிருந்து கிளம்பியது என்று எனக்குத் தெரியும். கன்ட்ராக்ட் முடிந்ததும் அவளுக்கு நீட்டிக்கவில்லை. வேலை போனால் விசாவும் போயிற்று. கதை என்கிற இடத்தில் அவள் பெயருக்குப் பதில் டைரக்டர் பெயர் ஏறியது. கடைசியில் ஓடுகிற பொடி எழுத்துக் கும்பலிலாவது இருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. சாப்பாடு கொண்டுவந்த கடைக்கெல்லாம் நன்றி போட்டிருந்தார்கள். கறிவேப்பிலை மாதிரி எடுத்து வெளியே போட்டுவிட்டார்கள். கிழிந்த குடையைத் தெருவில் வீசியது தப்பு என்று படம் எடுக்கிறவர்கள் செய்த வேலை இது.

நேராக டைரக்டர் அறைக்குப் போனேன். எல்லார் முன்னாலும் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். கதை என்பது பல பேர் சேர்ந்து வளர்வது, ஒருவருடையது என்று சொல்ல முடியாது என்றார். அப்படியானால் உங்கள் பெயர் மட்டும் எப்படி ஒற்றையாக நிற்கிறது என்றேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நீ சந்தோஷம்தான் படணும். உன் பொட்டு படம் முழுக்க இருக்கே" என்றார். ஆக, அது யாருடைய பொட்டு என்று அந்த ஆளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. வாய்க்கு வந்ததைத் தமிழில் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டில் சொன்னால் அங்கேயும் அதே பாட்டு.

"க்ரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்கு. இப்பப் போய் சண்டை போடணுமா? உன் பேரா போச்சு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"என் பேரு போயிருந்தா நான் இவ்ளோ கத்தியிருக்க மாட்டேங்க."

அவர் போய் எனக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. க்ரீன் கார்டு அவர் பெயரில்தான் வர வேண்டியிருந்தது, வம்பு வழக்கு என்றால் பயப்படத்தான் செய்வார். ஆனால் எனக்கு ஆறவில்லை. அந்த ஆளின் படத்தில் அவர் தொட முடியாத இடம் ஒன்று உண்டு என்றால் அது என் ப்ரோக்ராம்தான் என்று அன்றைக்குத் தோன்றியது.

மறுநாள் பழைய ஸ்கேனைத் திறந்தேன். ஒரே காகிதத்தில் நெற்றியில் என் பொட்டு, மூலையில் அவள் முத்திரை. இரண்டும் ஒரே அளவு, இரண்டும் சிவப்பு. முத்திரைக்குள் இருந்த அவள் பெயரை எடுத்துப் பொட்டுக்குள் வைத்து, என் விரல் ரேகையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்து, அந்த எழுத்துக் கோடுகளையே ரேகை மாதிரி ஆக்கினேன். தள்ளி நின்று பார்த்தால் குங்குமம். குடையின் முகம் திரை முழுக்க நிறைகிற காட்சியில், படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு பெயர். ஒரு தடவை இல்லை, படத்தில் பொட்டு வருகிற ஒவ்வொரு இடத்திலும். முழுப் படத்தையும் மறுபடி ஓட்டி எடுத்தபோது டைரக்டர் பார்த்தார், தயாரிப்பு அம்மாள் பார்த்தாள், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறந்தநாள் வீட்டு டிவியில் அந்த ஆள் குரல் தழுதழுக்கத் துறவியைப் பற்றிச் சொன்னாரே, அப்போது அவர் தலைக்குப் பின்னால் சுவர் அளவுக்கு இருந்தது அவள் பெயர்தான்.

இரண்டாயிரத்தில் கோடை விடுமுறைக்குப் படம் வந்தது. பக்கத்து ஊரான டப்ளின் தியேட்டரில் என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். குடை தன் முகத்தை நம் பக்கம் திருப்பியபோது அவர் கையைக் கிள்ளினேன். நன்றாகப் பாருங்கள் என்றேன். அவருக்கு அது பொட்டு மாதிரித்தான் இருந்ததாம். எனக்கு என்ன, வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக ஜப்பானுக்குப் போன் போட்டு அவளிடம் சொன்னேன். எந்தக் காட்சியில் என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். பிறகு, எங்கள் ஊருக்கும் சீக்கிரம் வரப்போகிறது, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். அந்த மாதமே நான் அந்த வேலையை விட்டேன். இங்கேயே சான் ரமோனில், பெரிய ஆபீஸ் வளாகத்தில் இன்ஷூரன்ஸ் சாஃப்ட்வேர் எழுதப் போய்விட்டேன்.

குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். போன் வந்தது. அவள்தான். அங்கே படம் வந்துவிட்டது, நேற்று அம்மாவோடு போனேன் என்றாள். மாவுக் கையோடு துள்ளினேன். பார்த்தீர்களா, எப்படி இருந்தது, அம்மா என்ன சொன்னார் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

"அம்மாகிட்ட முன்னாடியே சொல்லியிருந்தேன். இந்தத் தடவை கடைசி வரைக்கும் உக்காந்து தேட வேண்டாம், குடையோட நெத்தியை மட்டும் பாருங்கன்னு. அம்மா கதையைக்கூடப் பாக்கலை. நெத்தியையேதான் பாத்துட்டிருந்தாங்க" என்றாள்.

"சரி?"

"நெத்தியில எதுவுமே இல்லை."

எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. ஸ்விட்ச். ஜப்பானுக்கு அனுப்பிய பிரதிக்கு மட்டும் அந்த ஒரு வரியை மாற்றியிருக்கிறார்கள். ஆத்மா, எடுக்க மாட்டேன் என்றெல்லாம் நெஞ்சை நிமிர்த்திய ஆள், வியாபாரம் என்று வந்ததும் சத்தமில்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டார். எடுப்பதற்கு வசதியாக அந்த ஸ்விட்சை எழுதி வைத்துவிட்டு வந்தவள் நான். உலகம் பூராவும் அவள் பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிற ஊரில் மட்டும் இல்லை.

நான் போனில் கத்த ஆரம்பித்தேன். அவர்களைச் சும்மா விட மாட்டேன், வக்கீலைப் பார்க்கிறேன், பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் நான் முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள், படம் முடிந்தும் அம்மா எழுந்திருக்கவில்லையாம். நெற்றியில் இல்லாவிட்டால் என்ன, வழக்கமான இடத்தில் இருக்கும் என்று, ஓடுகிற எழுத்துக்களை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தாராம். விளக்குப் போட்டு, பெருக்க ஆள் வந்த பிறகுதான் எழுந்தாராம்.

"வெளில வந்து, நீ எந்த இடத்துல இருந்தேன்னு அம்மா கேட்டாங்க. வேற ஊர்ல ஓடற படத்துல இருக்கேன்னு சொன்னேன்" என்றாள்.

இதைச் சொல்லும்போதும் அவள் குரல் உயரவில்லை. உனக்குக் கோபமே வராதா என்று கேட்டேன். அந்தக் குடைக்கு மறுபடி பொட்டு வைக்க வேண்டும், உங்கள் ஊரில் அடுத்த ஆயுத பூஜை எப்போது என்று கேட்டாள். அவள் பங்குக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.